மச்சினியின் கட்டைவிரல்

அந்த நாய் ஆஸ்பத்திரியில் அவருக்கு ‘அரை டாக்டர்’ என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டம் மாதிரி வாங்கிக்கொண்டார். வெள்ளைக் கோட்டுக்குக் கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் மாட்டிக்கொண்டு வருவார். நாய்க்காரர்கள் “டாக்டர்” என்று கூப்பிட்டால் திருத்த மாட்டார். கூண்டு நாறும்போது மட்டும், “நான் டெக்னீஷியன்மா, அதெல்லாம் என் வேலையில்ல” என்பது சட்டென்று ஞாபகம் வந்துவிடும்.

கூண்டு கழுவுவதும் நாயைப் பிடிப்பதும் அவருடைய மச்சினி. அக்கா புருஷன் சேர்த்துவிட்ட வேலை. அதை அவரும் மறந்ததில்லை, அவளையும் மறக்க விட்டதில்லை. அக்கா வீட்டுப் பின்னறையில்தான் குடியிருந்தாள் என்பதால் எல்லாவற்றுக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். மனசுக்குள் மட்டும் அந்த மனுஷனைக் கால் காசுக்கு மதித்ததில்லை.

ஊசி போடும்போது அவள் ஒரு கையால் நாயின் கழுத்தை அணைத்து, மறுகையால் முன்னங்காலைத் தாங்கி, கட்டைவிரலைக் குறுக்கே வைத்து அழுத்துவாள். நரம்பு புடைக்கும். அவர் ஊசியை இறக்குவார். ஊசிக்குழலில் ரத்தம் எட்டிப் பார்த்ததும் அவள் விரலைத் தளர்த்துவாள். தளர்த்தினால்தான் மருந்து நரம்பில் ஓடும். யாரும் சொல்வதில்லை, அதுபாட்டுக்கு நடக்கும். முடிந்ததும் அவர் நாய்க்காரரைப் பார்த்து, “என் கைராசி அப்படி” என்பார். கைராசியாம்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கையில், அரசாங்கப் பதிவு இல்லாத டெக்னீஷியன் இனி ஊசியைத் தொடக்கூடாது என்று சட்டம் வந்தது. முறையாகப் படிக்காத பழைய ஆட்கள் தேர்வாளர் முன்னால் செய்துகாட்டிப் பதிவு வாங்கலாம். இவரும் அந்த ரகம்தான். விதிப் புத்தகத்தை வரவழைத்தார், முதல் பக்கத்தைப் படித்தார், மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து சட்டத்தையே தான் எழுதிக் கொடுத்தது போல ஒரு நடை.

“பதிவில்லாதவங்க சிகிச்சை அறைக்குள்ள கால் வைக்கக்கூடாது, தெரியுமா? எனக்குப் பதிவு வரட்டும், உன் சீட்டைக் கிழிக்கச் சொல்லிடுறேன். பெரிய டாக்டர் நான் சொன்னா கேட்பார்.”

“அப்ப நாய யாரு மாமா பிடிக்கிறது?”

“பிடிக்கிறது ஒரு வேலையா? வாசக்கதவைக்கூட ஒரு கல்லுதான் பிடிச்சுக்கிட்டு நிக்குது.”

அக்காவிடம் சொன்னாள். “அவர் சுபாவம் அப்படி, நீதான் அனுசரிச்சுப் போகணும்” என்றாள் அக்கா. இவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வேலை போனால் அந்த ஆள் போடும் சோற்றைத் தின்றுகொண்டு அவர் பீற்றலையும் சேர்த்து முழுங்க வேண்டும். அதற்குக் கூண்டு நாற்றம் எவ்வளவோ மேல்.

தேர்வாளர் வந்தார். அதிகம் பேசாத அம்மாள். ஆஸ்பத்திரியிலேயே வளரும் கிழட்டு நாயை மேசையில் ஏற்றினார்கள். வெறும் உப்புநீரை நரம்பில் ஏற்றிக் காட்டினால் போதும்.

“பிடிக்க ஆள் வேண்டாமா?” என்று கேட்டார் அந்த அம்மாள்.

“எனக்கு எதுக்கு மேடம் ஆளு? தனியாவே போட்டுருவேன்.” பிறகு மச்சினி பக்கம் திரும்பி விரலைச் சொடுக்கினார். “நீ வெளிய போ.”

போனாள். கதவு பாதிதான் சாத்தியிருந்தது.

அவர் நாயின் காலில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினார். முடியை மழித்தார். ஊசியை இறக்கினார், ரத்தமும் வந்தது. வந்ததும் அழுத்த ஆரம்பித்தார். ரப்பர் கட்டினபடியே இருந்தது. மருந்து நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினார். நாயின் தோலுக்கடியில் கோலிக்குண்டு போல ஒரு வீக்கம் கிளம்பியது. குரல் கொடுக்கலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. உப்புநீர்தானே, நாய்க்கு ஒன்றும் ஆகாது. கதவோரமாகவே நின்று பார்த்தாள்.

“ரத்தம் வந்ததும் என்ன செய்யணும்?” என்றார் தேர்வாளர்.

“மருந்த ஏத்தணும் மேடம்.”

“அதுக்கு முன்னாடி?”

அவர் ஊசியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தார்.

“காலை இறுக்கிக் கட்டியிருக்கீங்களே, அதைத் தளர்த்த வேண்டாமா?”

“அது அவ வேலை மேடம்!” என்றார், எரிச்சலாக.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. கஞ்சி போட்ட கோட்டுக்குள் ஆள் சுருங்கிப்போனார்.

“அவங்களையே பிடிக்க வச்சிருக்கலாமே” என்றார் அந்த அம்மாள். “பிடிக்கிறவங்களுக்குப் பதிவு தேவையில்ல. விதிப் புத்தகத்துல ரெண்டாம் பக்கத்துலயே போட்டிருக்கு. நீங்க அடுத்த வருஷம் வாங்க. அதுவரைக்கும் ஊசியைத் தொடாதீங்க.”

அப்போதாவது அந்த மனுஷன் குனிந்து ரப்பரை அவிழ்த்தாரா? கதவைப் பார்த்து, “ஏய், வந்து இதை அவுத்துவிடு” என்று அதட்டினார்.

அவள் உள்ளே வந்தாள். ஊசியை உருவினாள், ரப்பரை அவிழ்த்தாள். வீக்கத்தின் மேல் பஞ்சை வைத்து இதமாக அமுக்கினாள். இனி ஊசி போட வேறு ஆள் வரும், பிடிக்க அவள் இருப்பாள். நாயைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“மாமா, அடுத்த வருஷம் மறக்காம அந்தக் கல்லை உள்ள எடுத்து வச்சுக்கங்க.”