ஒரே அளவில் பன்னிரண்டு கறைகள்

என் அண்ணி பயந்த சுபாவம். அவள் முகத்துக்கு நேரே நூறு தடவை சொன்னதைத்தான் இப்போது எழுதுகிறேன். கதவைத் தட்டினாலும் பயம், தட்டாமல் இருந்தாலும் பயம். ஆனால் என் அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்தபோது, இந்தப் பயந்தவள்தான் வீட்டின் முன்னறையைக் காலி செய்து, பழைய சலவை இயந்திரம் ஒன்றை வாங்கிப் போட்டுத் தொழில் தொடங்கினாள். கல்யாணம் கூடிவராமல் வீட்டோடு இருந்த நான் இஸ்திரிப்பெட்டியைப் பிடித்தேன். பன்னிரண்டு வருடமாக மூன்று வயிறும் அந்த அறையை நம்பித்தான் இருக்கின்றன.

அந்த அறை நம்பியிருந்தது எதிரே இருந்த உணவகத்தை. முப்பத்தெட்டு வருடம் நடந்த கடை. வாரத்துக்கு இரண்டு தடவை மேசை விரிப்புகள் மூட்டையாக வரும். எங்கள் வேலையில் முக்கால்வாசி அதுதான். மிச்சமெல்லாம் முடி திருத்துபவரின் துண்டுகள், மாடி அறை மாணவர்களின் போர்வைகள்.

கறையைப் பார்த்தே அண்ணி ஆளைச் சொல்வாள்.

"இது சண்டை போட்டுக்கிட்டே சாப்பிட்ட ஜோடி."

"அது எப்படி அண்ணி தெரியும்?"

"ரெண்டு ஓரத்துலயும் காபி தளும்பியிருக்கு. நடுவுல ஒண்ணுமே சிந்தல. ஒருத்தர் தட்டுல ஒருத்தர் கை வைக்கல பாரு."

ஒரு செவ்வாய்க்கிழமை மூட்டையைப் பிரித்தவள் என்னைக் கூப்பிட்டாள். "ஏய் வாயாடி, இத மோந்து பாரு."

மோந்தேன். "சோப்பு வாசனைதான் வருது."

"யாரு சோப்பு?"

எங்கள் சோப்பு. விரிப்பைக் கையால் கசக்கியிருந்தார்கள், ஆனால் நான் தேய்த்த மடிப்பு கலையவே இல்லை. பன்னிரண்டு விரிப்பும் அப்படித்தான் இருந்தன. மேசையில் விரிக்காத துணி மறுபடி துவைக்க வந்திருக்கிறது.

"ஹோட்டலுக்கு ஆளே வரல" என்றாள் அண்ணி. குரல் உள்ளே போயிருந்தது. "நமக்குத் தெரியக் கூடாதுன்னு முதலாளி இப்படி அனுப்புறாரு."

"போய்க் கேட்டா என்ன?"

"கேட்டா நிறுத்திடுவாரு. வாயத் திறக்காத, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அந்த மூட்டை நின்றால் அடுப்பு நின்றுவிடும். ஆகவே, அழுக்கே இல்லாத துணிக்குச் சோப்புப் போட்டுத் துவைத்து, காய வைத்து, தேய்த்து, மடித்து அனுப்பினோம். மூன்று மாதம் இந்தக் கூத்து நடந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அவர் ஒரு பக்கம் மறைத்தார், நாங்கள் இன்னொரு பக்கம் மறைத்தோம்.

கெடுத்தது நான்தான். மூட்டை கொண்டுவரும் பரிமாறுபவன் ஆறடிக்கு மேல் இருப்பான், தெருவுக்கே அவன் நெட்டை. ஒருநாள் அவனிடம் சும்மா இருக்க முடியாமல், "ஏம்ப்பா, உங்க ஹோட்டலுக்கு வர்றவங்க பூனை மாதிரி நக்கித் துடைச்சுட்டுப் போறாங்களா? ஒரு சொட்டு சிந்தக் காணோமே!" என்று கேட்டுத் தொலைத்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. அண்ணி என் தொடையில் கிள்ளிய இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும்.

அடுத்த மூட்டையில் கறை இருந்தது!

"பாருங்க அண்ணி, கூட்டம் வர ஆரம்பிச்சிடுச்சு!" என்று குதித்தேன்.

அவள் விரிப்புகளைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். பன்னிரண்டு விரிப்பு, பன்னிரண்டு தக்காளி சூப் கறை. எல்லாம் உள்ளங்கை அகலம், எல்லாம் வலது மூலையில். கிளாஸ் வைத்த வளையமோ ரொட்டித் துணுக்கோ எதிலும் இல்லை.

"இது சிந்தினது இல்லடி, ஊத்தினது" என்றாள்.

மறுநாள் மதியம் ஒரு மணிக்கு உணவகத்தின் பக்கத்து ஜன்னலில் போய் எட்டிப் பார்த்தேன். ஒரு காலத்தில் அந்த நேரத்தில் அங்கே நிற்கவும் இடம் இருக்காது. விளக்கெல்லாம் எரிந்தது. பன்னிரண்டு மேசையிலும் விரிப்பு, தட்டு, கரண்டி எல்லாம் இருந்தன. உட்கார ஆள்தான் இல்லை. முதலாளி, அறுபத்தேழு வயது மனிதர், இடது கையில் கிண்ணத்தோடு மேசை மேசையாகப் போனார். குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல ஒரு கரண்டி சூப்பை மூலையில் ஊற்றி, குனிந்து பார்த்து, போதாது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அப்போது அவர் தலை நிமிர்ந்தார், என்னைப் பார்த்துவிட்டார். நான் ஓடி வந்துவிட்டேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் அண்ணி பத்துத் தடவையாவது வாசலை எட்டிப் பார்த்திருப்பாள். காலையில் அவரே வந்தார்.

"மாசக் கடைசியோட மூடுறேம்மா."

அண்ணி கையிலிருந்த துணியைக் கூடையில் வைத்தாள். "எங்ககிட்ட ஏன் சார் மறைச்சீங்க?"

"பால்காரர்கிட்ட குறைச்சேன், காய்க்காரர்கிட்ட குறைச்சேன். அவங்களுக்கு வேற கடை இருக்கு. உங்களுக்கு என்ன இருக்கு? உள்ள வேற ஒருத்தர் படுத்திருக்காரு. சொல்லப் பயமா இருந்துச்சு."

"கேக்க எங்களுக்கும் பயமாத்தான் இருந்துச்சு சார்."

"நான் அந்த நெட்டைகிட்ட உளறாம இருந்திருந்தா…" என்று இழுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் சூப் வீணாப் போயிருக்கும்" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

மூடப்போகும் செய்தி பரவியதும் பார்க்க வேண்டுமே கூட்டத்தை! கடைசி வாரம் வரிசை தெரு முனை வரை நின்றது. 'சின்னக் கடைகளைக் காப்பாற்றுவோம்' என்று அட்டையில் எழுதிக்கொண்டு வந்தார்கள், வாசலில் நின்று படம் எடுத்தார்கள். ஒரு அம்மாள் ஏழாம் நம்பர் மேசையைத் தடவித் தடவி அழுதாள். கடைசியாக எப்போது வந்தீர்கள் என்று கேட்டேன். எட்டு வருடம் ஆகிறதாம். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! எனக்கு வந்த கோபத்தில் அவள் கைக்குட்டையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். அந்த வாரம் வந்த விரிப்புகளில் எல்லாக் கறையும் நிஜக் கறை. அண்ணி ஒன்றைக்கூடப் படித்துச் சொல்லவில்லை, குனிந்த தலை நிமிராமல் துவைத்துப் போட்டாள்.

பிறகு கடை மூடியது, எங்கள் அறையில் சத்தம் நின்றுவிட்டது. முடி திருத்துபவரின் துண்டுகள் காலை பத்து மணிக்கே முடிந்துவிடும். அண்ணி மருத்துவமனையில் கேட்டாள், விடுதியில் கேட்டாள். எல்லா இடத்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். "என்ன, மிஷின் சத்தத்தையே காணோம்?" என்று அண்ணன் உள்ளேயிருந்து கேட்டால், வெறும் தண்ணீரை ஊற்றி ஓட விடுவாள். அவள் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. அரிசி டப்பாவைத் திறக்கவே பயமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து முதலாளி வாசலில் வந்து நின்றார். சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போட்டிருந்தார், ஆள் பாதியாகியிருந்தார்.

"வீட்ல உக்கார முடியலம்மா. பைத்தியம் பிடிச்சிடும் போல இருக்கு. கூலியெல்லாம் வேணாம். கடை ஆரம்பிச்ச புதுசுல விரிப்பெல்லாம் நான்தான் தேய்ப்பேன். உங்ககிட்ட ஏதாவது வேலை இருக்கா?"

"நிறைய இருக்கு சார்" என்றாள் அண்ணி. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பதினோரு மணிக்கு வாங்க."

அவர் தலை மறைந்ததும் உள்ளே ஓடினாள். பீரோவைத் திறந்து எங்கள் போர்வைகள், தலையணை உறைகள், அண்ணனின் வேட்டிகள், எல்லாவற்றையும் இழுத்துத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து கூடையில் போட்டாள். நான் நாற்காலி போட்டு ஏறி ஜன்னல் திரைகளைக் கழற்றிக் கொடுத்தேன்.

அவர் இரண்டு மணி வரை நின்று தேய்த்தார். ஓரத்தோடு ஓரம் வைத்து, அவசரமே இல்லாமல் மடித்தார்.

"யாரு வீட்டுத் துணிம்மா இதெல்லாம்?"

"புதுசா ஒருத்தங்க குடுக்க ஆரம்பிச்சிருக்காங்க சார். பெரிய குடும்பம்."

"அப்பாடா!" என்று மூச்சு விட்டார். "உங்கள நினைச்சுத்தான் பயந்துட்டே இருந்தேன். இப்பதான் நிம்மதியா இருக்கு. நாளைக்கும் வரேன்."

அவர் தெருவைக் கடக்கும்வரை அண்ணி சிரித்த முகத்தோடு நின்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"நாளைக்கு என்னடி குடுக்கிறது?" என்றாள்.

நான் பீரோவைப் பார்த்தேன். வீட்டில் இனி எடுத்து நனைக்க ஒரு துணியும் இல்லை.