குண்டு துளைக்காத ஜீப் வாங்கப் போன கதை

உங்களைச் சுடப்போவதாக ஒருவன் சொல்லி அனுப்பினால் நீங்கள் என்ன வண்டி வாங்குவீர்கள்?

சிரிக்காதீர்கள். மூன்று வாரமாக எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். சோறு வைக்கும்போது இதே பேச்சு, தண்ணீர் பிடிக்கும்போது இதே பேச்சு. மற்ற வீடுகளில் கலர் டி.வி.யா, பிளாக் அண்ட் ஒயிட்டா என்று அடித்துக்கொள்கிறார்கள். நாங்கள் இரும்புத் தகடு நாலு மில்லியா, ஆறு மில்லியா என்று அடித்துக்கொள்கிறோம்.

கொஞ்சம் வேகமாக டைப் அடிக்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏன் இந்த வேகம் என்று கடைசியில் தெரியும்.

எங்கள் வாப்பா தாராவியில் தோல் பை தைக்கிறார் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கீழே பட்டறை, மேலே வீடு. ஏழு ஆள் வேலை செய்கிறார்கள். தோல் கட்டுகளை மெயின் ரோட்டிலிருந்து சந்துக்குள் கொண்டு வந்து இறக்குவது முருகேசன் அண்ணனின் கைவண்டி. பதினோரு வருஷமாக அவர்தான்.

சந்து முனையில் அவர் வண்டி நிறுத்தும் இடத்தின்மேல் ஒரு தாதாவுக்கு ஆசை வந்தது. கட்டடம் கட்டப்போகிறானாம். வண்டியை எடு என்றான். முருகேசன் அண்ணன் எடுக்கவில்லை. ஒரு நாள் காலை பதினோரு மணி — எங்கள் சந்துக்குள்ளேயே அவன் ஆட்கள் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள்.

பட்டப்பகல். இருபது ஜோடிக் கண்ணாவது பார்த்திருக்கும். போலீஸ் வந்தபோது சந்து முழுக்கக் கதவு சாத்தியிருந்தது. பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவர் ஒரே ஒருத்தர். எங்கள் வாப்பா.

கேஸ் விசாரணைக்குத் தேதி விழுந்தது. அந்த வாரமே பட்டறை மேஜையில் யாரோ ஒரு பர்ஸை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாப்பா எடுத்துப் பார்த்தார்.

"தையல் கோணலா இருக்கு. நம்ம ஏரியாச் சரக்கு இல்ல" என்றார்.

பிறகுதான் பர்ஸைத் திறந்தார். உள்ளே ஒரு தோட்டா. கூடவே ஒரு துண்டுச் சீட்டு, இந்தியில் ஒரே வரி: கோர்ட்டுக்குப் போகும் வழி ரொம்ப தூரம்.

போலீஸ் பாதுகாப்பு கேட்கலாமே என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. கேட்டோம். ஒரு கான்ஸ்டபிள் வந்தார். இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்து எங்கள் டீயைக் குடித்தார். மூன்றாம் நாள் அவருக்கு கணபதி ஊர்வல பந்தோபஸ்து.

அப்போதுதான் என் தாய்மாமா ஷேக் மாமா உள்ளே நுழைகிறார். திலக் நகரில் மோட்டார் உதிரி பாகக் கடை வைத்திருக்கிறார். உலகத்தில் எந்தப் பிரச்னைக்கும் ஒரு வண்டிதான் தீர்வு என்பது அவர் கொள்கை.

"டெல்லில மந்திரிமாருக்கெல்லாம் குண்டு தொளைக்காத காரு வந்துட்டு மச்சான். நாம ஒண்ணு செஞ்சா என்ன?"

"நான் என்ன மந்திரியா மாப்ள?"

"மந்திரி செத்தா வேற மந்திரி வருவான். நீங்க செத்தா சாட்சி எங்க இருக்கு?"

உம்மா அடுப்படியிலிருந்து தட்டை டங்கென்று வைத்தாள். அதோடு விவாதம் முடிந்தது. வண்டி வாங்குவது முடிவாகிவிட்டது. எந்த வண்டி என்பதுதான் பாக்கி. அந்தப் பொறுப்பு யார் தலையில்? மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி ஜரினா, நீ ஃபிசிக்ஸ்தான படிச்ச? குண்டு என்ன வேகத்துல வரும்னு கணக்குப் போடு."

எறிந்த பந்து எங்கே விழும் என்று காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள். வாப்பாவை நோக்கி வரும் குண்டு பற்றி சிலபஸில் இல்லை. ஆனாலும் நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினேன்.

செம்பூரில் பழைய வண்டி விற்கும் ஒரு பஞ்சாபிக்காரரிடம் மாமா கூட்டிப்போனார். அவரிடம் ஏற்கெனவே தகடு வைத்த அம்பாசிடர் ஒன்று இருந்தது. யாரோ ஒரு பில்டர் ஆசையாகச் செய்து வைத்திருந்தாராம். கதவைத் திறக்கவே இரண்டு கை வேண்டும். மாமாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"இவ்வளவு நல்ல வண்டியை ஏன் விற்கிறார்கள்?" என்று இந்தியில் கேட்டேன்.

"முதலாளி இறந்துவிட்டார்."

"எப்படி?"

"சுட்டுவிட்டார்கள்." உடனே கையை ஆட்டினார். "காடி மே நஹி, பேட்டி. வண்டிக்குள் ஒன்றுமே ஆகவில்லை. கீழே இறங்கினார், அப்போதுதான்."

யோசித்துப் பாருங்கள். குண்டு துளைக்காத எந்த வண்டியிலும் ஒரு கதவு இருக்கிறது. என்றைக்காவது அதைத் திறந்து இறங்கித்தானே ஆக வேண்டும்? கோர்ட் கூண்டு வரைக்கும் காரிலேயே போக முடியுமா?

மாமாவிடம் சொன்னேன். "அபசகுனமாப் பேசாதட்டி" என்று அடுத்த வண்டிக்கு நகர்ந்துவிட்டார்.

அடுத்தது, ஏதோ ஒரு கம்பெனி பணம் ஏற்றிப்போன பழைய வேன். நல்ல கெட்டியான இரும்பு. பின்கதவுக்கு வெளியில் மட்டும்தான் தாழ்ப்பாள். உள்ளே உட்கார்ந்தவர் தானாக இறங்க முடியாது. "அப்ப இது எனக்கு இல்ல, அந்தத் தாதாவுக்கு வாங்கிக் குடு" என்று வாப்பா பிற்பாடு சொன்னார்.

மூன்றாவதுதான் ஜீப். ராணுவத்தில் ஏலம் விட்டது. பச்சை பெயிண்ட் பாதி உரிந்திருந்தது, சாவி போட்டதும் கிளம்பியது. நாலு பக்கமும் தகடு அடித்து, மேலே கூரை போட்டால் முடிந்தது. குர்லாவில் தகடு, மாமாவுக்குத் தெரிந்த ஒருவர் வெல்டிங். மூன்றே நாளில் ரெடி.

ஒரே ஒரு சந்தேகம், எத்தனை மில்லி? மாட்டுங்காவுக்கு ஓடினேன். காலேஜில் எனக்கு ஃபிசிக்ஸ் எடுத்த பட்டாபி சார் வீடு.

"சார், ஆறு மில்லி ஸ்டீல் பிஸ்டல் குண்டைத் தாங்குமா?"

சார் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நீ எம்.எஸ்ஸிக்கு சிபாரிசு லெட்டர் கேக்க வந்திருக்கேன்னுன்னா நெனச்சேன்."

விஷயத்தைச் சொன்னேன். பேப்பர் ஓரத்தில் கணக்குப் போட்டார்.

"தகடு தாங்கிடும்னே வெச்சுக்கோ. நாலு பக்கம், கூரை எல்லாம் சேத்தா அர டன் ஏறிடும். அந்த ஸ்பிரிங்கும் பிரேக்கும் அதுக்குப் பண்ணினதில்லேம்மா. சயான் சிக்னல்ல பிரேக் போட்டா தாதர்ல போய் நிக்கும்."

"மெதுவா ஓட்டுவோம் சார்."

"கண்ணாடி? கண்ணாடி சாதாரணமா இருந்தா சுடறவன் தகட்டுலயா சுடுவான்?"

அதற்கும் மாமாவிடம் பதில் இருந்தது. கண்ணாடியே வேண்டாம். சுற்றிலும் தகடு, பார்க்க மட்டும் ஒரு கீறல். படம் வரைந்து காட்டினார்.

வாப்பா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "கோர்ட்டுக்குப் போறனா, தபால்பெட்டிக்குள்ள போறனா?"

ஆனால் உம்மாவின் முகத்தையும் பார்த்தார். சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை.

"மொதல்ல ஃபர்மா போடணும்."

தோல் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எந்தப் பை தைப்பதென்றாலும் முதலில் அதே அளவில் அட்டையில் வெட்டி வைத்துக்கொள்வோம். அதுதான் ஃபர்மா. அட்டையில் பொருந்தினால்தான் தோலில் கத்தி வைப்போம். தோல் ஒரு தடவை வெட்டினால் வெட்டினதுதான். வாப்பா ஃபர்மா போடாமல் எதையுமே வாங்கினதில்லை. எங்கள் வீட்டுப் பீரோவுக்கே போட்டார்.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டறை முழுக்க அட்டை. தகடும் சேர்த்து ஜீப்பின் முன்பக்க அகலம் எவ்வளவோ அவ்வளவுக்கு வெட்டி ஒட்டினோம். இரண்டு ஆள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்து சந்துக்குள் வந்தார்கள். முன்னால் மாமா, பின்னால் நான், கடைசியில் வாப்பா.

ஜீப் சந்துக்குள் எங்கள் வாசல்வரை வருமா என்ற சந்தேகமே எங்களுக்கு இல்லை. முருகேசன் அண்ணன் வண்டி தோல் கட்டோடு தினம் வருகிற சந்துதானே? வாப்பாவின் பழக்கத்துக்காகச் செய்தோம், அவ்வளவுதான்.

மாடியிலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்தான். "என்ன மாமா, எலெக்‌ஷன்ல நிக்கியளா? போர்டுல சின்னத்தக் காணோம்."

"இருக்கது ஓட்டுப் போடாத சந்து. பேச்சப் பாரு" என்றார் மாமா.

பாதிச் சந்தில் அட்டை நின்றுவிட்டது. ஒரு பக்கம் சுவர். மறு பக்கம் செல்லம்மா அக்காவின் வாசல் திண்டு. செல்லம்மா அக்கா மாவரைத்து விற்கிறவள். அந்தத் திண்டில்தான் மாவுச் சட்டியெல்லாம் இருக்கும். அட்டையை அப்படிச் சாய்த்துப் பார்த்தார்கள், இப்படிச் சாய்த்துப் பார்த்தார்கள். ஒரு முழம் இடிக்கிறது.

மாமா குனிந்து பார்த்தார். "ஏம்மா, இந்தத் திண்ட ஒரு முழம் ஒடைக்கணும்."

"எதுக்கு?"

"வண்டி வரணும். பாய் சாட்சி சொல்லப் போவணும்லா?"

"கைவண்டிக்கு வழி விட்ட திண்டுதான இது? ஒங்க வண்டிக்கு மட்டும் என்ன?"

"அதான் நானும் கேக்கேன். முருகேசன் வண்டி போச்சு, இது ஏன் போவல?"

செல்லம்மா அக்கா கையிலிருந்த மாவை வழித்துவிட்டாள்.

"அவன் வண்டியும் போவாது" என்றாள். "ஒரு சக்கரத்த இந்தத் திண்டு மேல ஏத்தி, சாச்சு, தோள முட்டுக்குடுத்துத் தூக்கிட்டுப் போவான். சக்கரச் சத்தம் கேட்டதும் நான் வந்து சட்டிய எடுத்துருவேன். பதினோரு வருசமா எடுத்திருக்கேன்."

எங்களுக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கட்டு வாசலில் வந்து இறங்கும், கையெழுத்துப் போடுவோம். அது எப்படி வந்தது என்று யார் பார்த்தோம்?

"அன்னைக்கும் சட்டிய எடுக்கத்தான் வெளிய வந்தேன்" என்றாள்.

அட்டையைப் பிடித்திருந்தவர்கள் அட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"நானும் பாத்தேன் பாய். ஒங்களவிடக் கிட்டத்துல பாத்தேன். போலீசு வந்தன்னைக்குக் கதவச் சாத்திக்கிட்டேன். ஒங்களுக்கு ஜீப்பு வருது. எனக்கு எந்த வண்டி?"

மாமா என்னைப் பார்த்தார். நான் ஃபிசிக்ஸ் படித்தவளாயிற்றே. என் நோட்டில் அம்பாசிடர் இருந்தது, வேன் இருந்தது, ஜீப் இருந்தது. நோட்டை மூடிவிட்டேன்.

வாப்பா பட்டறைக்குப் போய்த் தோல் வெட்டும் கத்தியை எடுத்து வந்தார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஃபர்மா தப்பாகப் போய்விட்டால் அதை அங்கேயே வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் தெரியாமல் யாராவது அதை வைத்து நல்ல தோலை வெட்டிவிடுவார்கள். அந்த அட்டை ஜீப்பை நடுச்சந்தில் வைத்து இரண்டாக வெட்டினார்.

"அளவு தப்பு மாப்ள" என்றார். பிறகு செல்லம்மா அக்காவிடம், "நடந்தே போவோம் தங்கச்சி. வாய்தா அன்னைக்குக் காலைல எட்டு மணிக்குக் கெளம்பணும். வாறியளா?"

"ஏழு மணிக்கு யாவாரம் முடிஞ்சிரும்" என்றாள் அவள். அவ்வளவுதான். வீர வசனமெல்லாம் இல்லை.

அரசு வக்கீலிடம் போய்ச் சொன்னோம். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று எதிர்த்தரப்பு அவளைக் குடைந்து எடுத்துவிடுவார்கள் என்றார். கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்றும் சொன்னார். அதை அக்காவிடம் சொன்னேன். "பயந்துட்டேன்னு சொல்லுவேன். பொய்யா அது?" என்றாள்.

ஜீப்புக்கு விலை பேசிவிட்டு வந்த மாமாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை. நேற்று வந்தார். "இதையெல்லாம் பத்திரிகைல எழுதித் தொலைக்காதட்டி. அவனுவளும் படிப்பானுவ" என்றார்.

படிக்கட்டும் மாமா. படிக்கத் தெரியாதவனுக்கு யாராவது வாசித்துக் காட்டட்டும்.

எந்த வழியாகப் போகிறோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். இன்றைக்கு மட்டுமா, கேஸ் முடியும்வரை ஒவ்வொரு வாய்தாவுக்கும் இதே வழிதான். எங்கள் சந்து. செல்லம்மா அக்கா திண்டு. முருகேசன் அண்ணன் வண்டி நின்ற முனை — அங்கே இன்னும் கட்டடம் எழும்பவில்லை. மெயின் ரோடு. சயான் ஸ்டேஷன். ஸ்லோ லோக்கல், இரண்டாம் வகுப்பு, நிற்க இடம் கிடைத்தால் பெரிசு. பின்னால் வருகிறவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரட்டும்.

பயமில்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. உம்மா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. நான் காலையிலிருந்து மூன்று தடவை ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்தத் தகட்டுப் பெட்டியில் நான் கண்ட குறை ஒன்றுண்டு. அதில் ஒருத்தர்தான் தப்பிக்கலாம். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்கலாம்.

மாமா வந்துவிட்டார். வண்டியில்லாமல், நடந்து. சட்டைக்குள் ஏதோ கனமாக இருக்கிறது. என்ன என்று கேட்டால் "ஸ்பானர்" என்கிறார்.

வாப்பா ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மணி எட்டு. செல்லம்மா அக்கா கீழே வந்து நிற்கிறாள்.