கப்பல் வரும்வரை பிரதமர்

தேர்தலில் தோற்ற பிறகும் என் கணவர் பனாபா கொஞ்ச காலம் பிரதமராகவே இருந்தார். அதில் அவருக்கு ஆசை ஒன்றும் இல்லை. மேற்குக் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வடக்குத் தீவுகளில் ஜெயித்தவர்கள் மூட்டை முடிச்சோடு கரையில் நிற்கிறார்கள், கப்பல் பாறைத் திட்டுக்கு வெளியே நிற்கிறது, நடுவே படகு இறக்க முடியவில்லை. அவர்கள் தலைநகரான ஃபுனாஃபுட்டிக்கு வந்து ஓட்டுப் போட்டால்தான் புதிய பிரதமர். அதுவரை பழையவர்தான் நாற்காலிக்குக் காவல்.

எதிர்க்கட்சிக்காரர்களிடம் தோற்றிருந்தால் மனம் ஆறியிருக்கும். எங்கள் நாட்டில் கட்சியே கிடையாது. அவரைத் தோற்கடித்தது எங்கள் சொந்தத் தீவான நுகுலாயிலாய். கூடப் பிறந்தவர்கள், கூட மீன் பிடித்தவர்கள், எங்கள் கல்யாணத்தில் பன்றி அறுத்தவர்கள். முந்நூறு சொச்சம் பேர் இருக்கிற ஊரில் யார் போடவில்லை என்று தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேதனை என்று பெரிய ஊர்க்காரர்களுக்குப் புரியாது.

"மத்த எட்டுத் தீவுக்கும் செஞ்சேன் சுலியானா. நம்ம தீவுக்குப் படகுத்துறை மட்டும் கடைசின்னு வச்சேன். சொந்த ஊருக்கு முதல்ல செஞ்சா நாலு பேரு பேசுவாங்களேன்னு. அதான் ஓட்டுப் போடல" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தோற்ற மறுநாளே அரசாங்கக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் நீங்கள்தான் பிரதமர், வைத்துக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்தில் எவ்வளவோ சொன்னார்கள். கேட்கவில்லை. ஓட்டுநர் சேலுவுக்கோ வேலைக்கு வராமல் இருக்கத் தெரியாது. காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து வாசலில் நிற்பான். கடைசியில் எங்கள் பழைய பைக்கில் பிரதமர் முன்னால் உட்கார்ந்து ஓட்ட, ஓட்டுநர் பின்னால் உட்கார்ந்து ஃபைல் பையைப் பிடித்துக்கொண்டு போவது ஊர் முழுக்கத் தெரிந்த காட்சியாகிவிட்டது. இதில் சேலு வேறு பின்னாலிருந்து, "பலேமியா, பள்ளம் இருக்கு, மெதுவா" என்று வழி சொல்வானாம். பலேமியா என்றால் எங்கள் பாஷையில் பிரதமர்.

அலுவலகம் போகும் முன் பன்றிக்குத் தீனி. விமான ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் கொட்டில். சமையலறைக் கழிவு வாளியைப் பைக்கில் மாட்டிக்கொண்டு போய், நின்று நிதானமாகப் போட்டுவிட்டு வருவார். நாலு வருஷமாக அந்த வேலையை என் தலையில் கட்டியிருந்தார். "பன்றிங்க என்னை மறந்துபோச்சு" என்று ஒரு நாள் வந்து சொன்னார். "ஊரே மறந்துடுச்சு, பன்றி மேல என்ன கோபம்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. வாய் முந்திவிட்டது.

அலுவலகத்தில் வேலை இல்லை. புதிய ஆள் வந்து செய்ய வேண்டியதை இவர் செய்ய மாட்டார். பழையதை முடித்தாயிற்று. மேசையைத் துடைப்பார், காயலைப் பார்ப்பார், மதியம் வீட்டுக்கு வந்து சூரை மீனும் சோறும் சாப்பிடுவார். மறுபடி போவார். "போகாட்டி என்ன" என்று கேட்டால், "சம்பளம் குடுக்கறாங்கல்ல" என்பார்.

முன்பெல்லாம் விடியும் முன்பே எங்கள் வீட்டு வாசலில் ஆள் உட்கார்ந்திருக்கும். அம்மாவைப் பக்கத்து நாட்டுச் சூவா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விமானத்தில் இடம், மகனுக்குப் படிப்பு உதவி, பக்கத்து வீட்டுக்காரனோடு தென்னை மரச் சண்டை. எல்லாருக்கும் சர்க்கரை தூக்கலாகத் தேநீர் போட்டு என் கை ஓய்ந்துபோயிற்று. எப்போது இவர்கள் ஒழிவார்கள் என்று நான் முணுமுணுக்காத நாள் இல்லை. ஒழிந்தார்கள். ஆனால் பனாபா விடிந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் வந்து நிற்பார். யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் வாளியை எடுப்பார். 

சாயங்காலம் ஓடுதளத்தில் ஊரே கூடும். வாரத்தில் சில நாள்தான் விமானம். மற்ற நேரமெல்லாம் அது எங்கள் மைதானம். பந்து விளையாடுகிறவர்களைத் தாண்டி நானும் அவரும் நடப்போம். மீன் விற்கிற பெபேதுவா என்னும் பெண் எதிரே வந்தால் விடமாட்டாள்.

"பலேமியா, இன்னும் கப்பல் வரலியா? பாவம், ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பக்கூட நமக்கு வசதி இல்ல."

"நீ ஒரு படகு குடு, நானே துடுப்புப் போட்டுப் போயிடறேன்."

"உங்களுக்கு இப்ப துடுப்புப் பிடிக்கத் தெரியுமா? கையெழுத்துப் போட்ட கை."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. 'வீட்டுக்கு' என்றாளே, அந்த ஒரு சொல்லில் என் மனம் போய் ஒட்டிக்கொண்டது. வீடு என்றால் எனக்கு நுகுலாயிலாய்தான். நாலு வருஷமாக ஃபுனாஃபுட்டியில் சமைக்கிறேன், தூங்குகிறேன், கும்பிடுகிறேன்; ஆனால் காலையில் கண் விழிக்கும்போது முதலில் தேடுவது எங்கள் ஊர் அலைச் சத்தத்தைத்தான். இரண்டு கடலுக்கும் சத்தம் வேறு. நம்பாதவர்கள் வந்து கேட்டுப் பார்க்கட்டும்.

பதவி முடிந்ததும் முதல் கப்பலில் ஊருக்கு என்று பதவி ஏற்ற அன்றே எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். வடக்கிலிருந்து உறுப்பினர்களை இறக்கிவிட்டு அதே கப்பல் தெற்கே எங்கள் தீவுக்குப் போகிறது. எங்கள் ஊரின் நற்செய்தித் திருநாளுக்குச் சரியாகப் போய்ச் சேரும். நான் பாய்களைச் சுருட்டிக் கட்டிவைத்தேன். அவருடைய துணி மட்டும் அலமாரியில் அப்படியே இருந்தது.

"உன் மூட்டை எங்க?" என்று கேட்டேன்.

"சூவாவுல ஒரு வேலை இருக்காம். மீன்பிடி ஆலோசகர். போன் பண்ணிக் கேட்டாங்க."

"நான் அதக் கேக்கல."

"நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது சுலியானா? மண்டபத்துல எங்க உக்காருவேன்? விருந்தாளித் தூணுகிட்டயா? அது பலேமியாவுக்கு. நம்ம குடும்பத் தூணுகிட்டயா? வேணாம்னு சொன்னவங்க மத்தியில போயி?"

எங்கள் ஊர் மண்டபத்தில் குடும்பத்துக்கு ஒரு தூண், விருந்தாளிக்குத் தனித் தூண்; அவரவர் அதில்தான் சாய்ந்து உட்கார வேண்டும். பிரதமரான பிறகு ஊருக்குப் போனபோதெல்லாம் அவரை விருந்தாளித் தூணில்தான் சாய வைத்தார்கள். தலையில் பூமுடி, கழுத்தில் மாலை, முன்னால் முழுப் பன்றி. எதிரே அவருடைய அண்ணன் தொமாசி, எங்கள் பக்கத்து ஆட்களோடு மரப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஃபாத்தேலே என்ற ஆட்டப் பாட்டுக்குத் தாளம் அடிப்பார். எங்கள் ஊர் இரண்டு பக்கமாகப் பிரிந்து பாட்டும் ஆட்டமுமாக மோதும். அண்ணன் தம்பி இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து பெட்டியை அடித்த காலத்தில் எங்கள் பக்கத்தை யாரும் அசைத்ததில்லை. மெதுவாகத் தொடங்கி, ஏற்றி ஏற்றி, மூச்சு முட்டும் வேகத்தில் சட்டென்று நிறுத்துவார்கள். ஒரு தடவை இவர் பூமுடியோடு எழுந்துபோய்ப் பெட்டியில் கை வைத்தார். தொமாசி அந்தக் கையை எடுத்துவிட்டார். "பலேமியா, விருந்தாளி அடிக்கக் கூடாதுங்க. போய் உக்காருங்க." அண்ணன் வாயிலிருந்து அந்த மரியாதையைக் கேட்டுவிட்டு வந்து அவர் அன்று சாப்பிடவே இல்லை.

போன வருஷம் தொமாசிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பார்க்கப் போனோம். கப்பல் வேறு தீவுக்குப் போகிற வழியில் நின்றது. கரையிலேயே மாலை போட்டு, பேச்சுப் பேசி, அண்ணன் வீட்டில் கால் வைத்தபோது கப்பல் ஊதிவிட்டது.

அதைத்தான் இப்போது பிடித்துக்கொண்டேன். "மண்டபத்துக்கு வர வேணாம். திருநாளும் வேணாம். அண்ணனப் பாத்துட்டு அதே கப்பல்ல திரும்பிடு. சூவாவுக்குப் போ, சந்திரனுக்குப் போ, நான் கேக்க மாட்டேன்."

எழுந்து போய் அலமாரியிலிருந்து இரண்டு சட்டையை மட்டும் எடுத்தார். இரண்டே இரண்டு. எண்ணிப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

காற்று நின்றது. கப்பல் வந்தது. ஓட்டுப் போட்டு, வடக்குத் தீவுக்காரர் ஒருவர் பிரதமரானார். பனாபா அவருக்குக் கை கொடுத்து, அலுவலகச் சாவியைக் கொடுத்து, ஜன்னல் கொக்கி சரியாக மாட்டாது, மழை வந்தால் துணி வைத்து அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். சேலு துறைவரைக்கும் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்து அழுதான். "அழாதடா, இனிமே நீ முன்னால உக்காரலாம்" என்று பைக்கை அவனுக்கே கொடுத்துவிட்டார்.

எங்கள் தீவில் படகு கரை தட்டியபோது வெயில் ஏறியிருந்தது. பிரதமராக வந்தால் படகோடு தோளில் தூக்கிக் கரையில் வைப்பார்கள். இந்த முறை யாரும் இல்லை. ஒரு நாய்கூட வரவில்லை. பனாபா முழங்கால் தண்ணீரில் குதித்து, என் பாய்க்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். தண்ணீரில் கால் பட்டதும் முகம் சின்னப் பிள்ளை மாதிரி ஆயிற்று. கரை ஏறி வெறிச்சோடிய மணலைப் பார்த்ததும் அது அணைந்துவிட்டது.

அண்ணன் வீட்டில் ஆள் இல்லை. எல்லாரும் மண்டபத்தில். பாட்டுச் சத்தம் கேட்டது. எதிர்ப்பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.

"வெளியில நின்னு பாத்துட்டு வந்துடலாம்" என்றார். மண்டபத்து ஓரத்தில், கூரை நிழல் முடிகிற இடத்தில் நின்றோம். விருந்தாளித் தூணில் போதகர் சாய்ந்திருந்தார். எங்கள் பக்கத்தில் பெட்டியைச் சுற்றி ஆட்கள். தொமாசி நடுவில், வலது கையை மடியில் கிடத்திக்கொண்டு இருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு பாய் காலியாக இருந்தது.

எதிர்ப்பக்கத்துப் பாட்டு நின்றது. தொமாசி எங்களைப் பார்த்தார்.

"எதுக்குடா அங்க நிக்கிற? உள்ள வா."

மண்டபமே திரும்பியது. பனாபா நகரவில்லை. "இருக்கட்டும்ணே. தோத்தவன் எங்க நின்னா என்ன."

"நீ தோக்கல. நாங்க போடல."

 போதகர் தரையைப் பார்த்தார்.

"நம்ம பக்கத்துல ஒருத்தரும் உனக்குப் போடல. போடாதீங்கன்னு நான்தான் வீடு வீடாப் போயிச் சொன்னேன். இதோ எதுக்க உக்காந்திருக்காங்களே, இவங்க அத்தன பேரும் உனக்குத்தான் போட்டாங்க. நீ ஃபுனாஃபுட்டில கெடந்தா அவங்களுக்கு லாபம். வருஷா வருஷம் நம்மள ஆடி ஜெயிக்கலாம்ல."

எதிர்ப்பக்கத்தில் ஒரு கிழவர், "நல்ல பலேமியாதானேய்யா, அதனாலயும்தான் போட்டோம்" என்றார். சிரிப்பு எழுந்து அடங்கியது.

பனாபா சிரிக்கவில்லை.  "துறை கட்டலன்னுதானேண்ணே?"

"துறையா? துறை இல்லாமத்தான் நம்ம அப்பன் இருந்தான், செத்தான். நான் படுத்துக் கெடந்தப்ப நீ வந்த. மாலையோட வந்த. பூவுக்கு நடுவுல உன் மூஞ்சியக்கூட நான் சரியாப் பாக்கல. கப்பல் ஊதுச்சு, போயிட்ட. இன்னும் நாலு வருஷம் எனக்குக் கெடையாது பனாபா. அதான் கூப்ட்டுக்கிட்டேன்."

"சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல."

"வந்திருப்ப. கப்பல் ஊதுனா போயிருப்ப."

 அவருக்குக் கோபம் வந்தது, எனக்குத் தெரியும். அந்த நாற்காலியை அவர் எவ்வளவு நேசித்தார் என்று என்னைவிட யாருக்குத் தெரியும். நாலு வருஷ உழைப்பை அண்ணன் ஒருத்தர் வீடு வீடாகப் போய்ப் பிடுங்கிக்கொண்டார். எனக்கே தொமாசியின் கன்னத்தில் ஒன்று விடலாம் போலவும், காலைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

எதிர்ப்பக்கம் கை தட்டி எங்களை அழைத்தது. எங்கள் முறை. அதற்கு மேல் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

பனாபா என் பாய்க்கட்டைக் கீழே வைத்தார். குனிந்து உள்ளே போய், காலியாக இருந்த பாயில் உட்கார்ந்தார். தொமாசியின் மடியில் கிடந்த வலது கையை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டு அடிக்கத் தொடங்கினார். கண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது. துடைக்கக் கை இல்லை.

நான் பெண்கள் வரிசையில் போய் நின்றேன். பாட்டு இரண்டாம் சுற்று ஏறும்வரை எனக்கு ஆடக் கை எழவில்லை.