இரண்டு சிவப்புச் சேலைகள்

போன சனிக்கிழமை மயூரி ஒரு கறுப்புக் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே குப்பை இல்லை. லண்டனில் எங்கள் ஆட்கள் வீடு மாறுவதும், வேண்டாத உடுப்பைக் கொடுப்பதும், செத்தவர்களின் சாமான்களை ஒதுக்குவதும் எல்லாம் அந்தப் பையில்தான். முடிச்சை அவிழ்த்ததும் பூச்சி உருண்டை வாசம் மூக்கில் ஏறியது. அதற்குப் பின்னால், மெல்ல, சந்தனச் சவர்க்கார வாசம். நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

"அம்மான்ர சீலையள், அன்ரி. நான் கட்ட மாட்டன். குஷன் கவர், பிள்ளைக்கு ஒரு ஃப்ரொக், என்னவெண்டாலும் தைச்சுத் தாங்கோ. இப்ப எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம்."

கைபேசியில் படம் காட்டினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் பழைய திரைச்சீலையில் பாவாடை தைத்துப் போட்டுக்கொண்டு சிரிக்கிறாள். நாங்கள் இல்லாக்கொடுமையில் செய்ததை இப்போது ஆசைக்குச் செய்கிறார்கள். செய்யட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பைக்குள் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மயூரியின் தாய் ரஞ்சியக்கா போன மாசியில் காலமானார். அவருடைய சேலை ஒன்றை நான் ஏற்கெனவே ஒரு தடவை வெட்டியிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்ல ஜெர்மனியிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் எதையும் சுருக்கிச் சொல்லத் தெரியாதவள்.

ஜெர்மனியில் அகதிகளைத் தங்கவைத்த விடுதிக்கு மாதம் ஒரு தடவை வான் வண்டியில் பழைய உடுப்பு வரும். ஊர்ச்சனம் கழித்துக் கொடுத்தவை. எல்லாம் மலைபோன்ற மனிதர்கள் போட்டவை. என் கணவருக்கு ஒரு குளிர்ச்சட்டை கிடைத்தது, தோள் இரண்டும் முழங்கையில் வந்து நின்றது. விடுதியின் பொது அறையில் யாரும் தொடாத ஒரு தையல் மெஷின் கிடந்தது. ஒருவரும் சொல்லித்தரவில்லை. நான் அந்தச் சட்டையின் தையலைப் பிரித்துப் பார்த்து, எது எதோடு சேர்ந்திருந்தது என்று தரையில் பரப்பி வைத்துப் படித்தேன். திரும்பப் பொருத்திப் பூட்டியபோது ஒரு கை மற்றதைவிட நான்கு விரல்கிடை கட்டையாகிவிட்டது. மனிசன் அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு கையைப் பொக்கற்றுக்குள் வைத்தபடியே திரிந்தார். பார்த்தவர்கள் அவரைப் பெரிய மிடுக்கான ஆள் என்று நினைத்திருப்பார்கள்.

அங்கே நான் படித்த பாடம் இரண்டு. பழைய துணி கைக்கு வந்தால் முதலில் வெளிச்சத்தில் பிடித்து ஓட்டையைத் தேடு, அதைத் தள்ளி வெட்டு. நிறம் மங்கியிருந்தால் உட்புறத்தை வெளியே திருப்பித் தை, புதிதாகத் தெரியும். எனக்குப் பழசு என்றால் ஓட்டை விழுந்தது, மங்கியது. வேறு பழசு உலகத்தில் உண்டு என்று அப்போது தெரியாது.

ஜெர்மன் கடவுச்சீட்டு வந்த கையோடு எங்கள் ஆட்கள் பலரைப்போல நாங்களும் லண்டனுக்குக் கிளம்பினோம். காரில் இரண்டு சூட்கேஸ், நடுவில் நான் சொந்தமாக வாங்கியிருந்த மெஷின். லண்டனின் தெற்கே, மிச்சம் என்ற இடத்தில் என் கணவரின் தூரத்துச் சொந்தமான தேவண்ணை வீடு எடுத்திருந்தார். அவருடைய மனைவிதான் ரஞ்சியக்கா. அப்போது மயூரிக்கு எட்டு ஒன்பது வயது. மேல்மாடியில் சின்ன அறையை எங்களுக்கு விட்டார்கள். வாசலில் நின்று நான் ஏதோ நன்றி சொல்லத் தொடங்க, "உந்தக் கதையெல்லாம் வேண்டாம். இரு. ஒண்டாச் சமைப்பம்" என்று சொல்லிவிட்டு மெஷினின் ஒரு பக்கத்தைத் தானே தூக்கினார்.

நல்ல மனிசி, ஆனால் கோபக்காரி. கத்த மாட்டார், கதைக்காமல் விட்டுவிடுவார். புது அடுப்பில் நான் பாலைப் பொங்கி ஊற்றவிட்டபோது மூன்று நாள் என் பக்கம் முகம் திருப்பவில்லை. நான்காம் நாள் ஒரு கோப்பை தேத்தண்ணியை மேசையில் டக்கென்று வைத்தார். "குடி" என்றார். அவ்வளவுதான், எல்லாம் சரியாகிவிட்டது. அந்த டக் சத்தத்துக்காக நான் அந்த வீட்டில் பல தடவை காத்திருந்திருக்கிறேன்.

அந்த வீட்டில் நான் தைக்காத துணி இல்லை. தேவண்ணையின் தேய்ந்த காற்சட்டை மயூரியின் பள்ளிப் பாவாடையானது. ஞாயிற்றுக்கிழமைத் திறந்தவெளிச் சந்தையில் வாங்கிய பூப்போட்ட திரைச்சீலையில் அவளுக்கு ஒரு சட்டை தைத்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு பிள்ளை, "இது எங்கட வீட்டு யன்னல்ல தொங்குது" என்று சொல்லிவிட்டதாம். மயூரி வந்து அழுதாள். ரஞ்சியக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

அந்தத் தமிழ்ப் பள்ளிக்கு ஆண்டு விழா வந்தது. மயூரிக்குக் குழு நடனம், சிவப்புப் பட்டுப்பாவாடை வேண்டும். ரஞ்சியக்கா முதியோர் இல்லத்தில் வேலை, காலை ஷிப்ட். கோட்டைப் போட்டுக்கொண்டே படியடியில் நின்று மேலே பார்த்துச் சொன்னார்:

"என்ர அலுமாரியில மேல் தட்டில, தலையணை உறைக்குள்ள ஒரு சிவப்புச் சீலை கிடக்கு. பழசு. அதை வெட்டித் தைச்சு விடு."

"ஓம் அக்கா, தைக்கிறன்" என்றேன்.

மேல் தட்டில் இரண்டு உறைகள் இருந்தன. ஒன்று வெள்ளை, மற்றது நீலப் பூப்போட்டது. இரண்டுக்குள்ளும் சிவப்புப் பட்டு. வெள்ளை உறைக்குள் இருந்தது பளிச்சென்று, ஒரு குற்றமும் இல்லாமல் இருந்தது. நீலப்பூ உறைக்குள் இருந்தது சற்று மங்கியிருந்தது. யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தேன். முந்தானைக்குக் கிட்ட ஒரு மிளகு அளவில் ஓட்டை, விளிம்பு கருகியிருந்தது. சந்தேகமே வரவில்லை. அடுத்த அறையில் தொலைபேசி இருந்தது. வேலையிடத்துக்கு எடுத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான்தான் பெரிய கெட்டிக்காரியாயிற்றே.

ஓட்டை இருந்த துண்டை முதலில் வெட்டி ஒதுக்கினேன். மங்கிய பக்கத்தை உள்ளே விட்டு, உட்புறத்தை வெளியே திருப்பினேன். மற்றப் பிள்ளைகளின் பாவாடைக்கு ஒத்துப்போக வேண்டுமென்று சேலையின் கரையையும் எடுத்துவிட்டு, கடையில் வாங்கிய சரிகை லேஸ் வைத்து அடித்தேன். வேலையால் வந்த ரஞ்சியக்கா அதைத் தூக்கிப் பார்த்து, "எடி, கடையில வாங்கினது போல கிடக்கு" என்றார். நான் பூரித்துப்போனேன். மயூரி அதைக் கட்டிக்கொண்டு ஆடினாள். ரஞ்சியக்கா முன்வரிசையில் இருந்து கைதட்டினார்.

விழா முடிந்து இரண்டு நாள் இருக்கும். பின்னேரம், குசினி மேசையில் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ரஞ்சியக்கா தானாகவே கதையைத் தொடங்கினார்.

"அந்தப் பழசை வெட்டினது நல்லது. தங்கச்சியின்ர கலியாணம், வீடு குடிபூரல், பிறந்தநாள் எண்டு எல்லாப் படத்திலயும் நான் அதோடதான் நிக்கிறன். இனி அதைக் கட்டிக்கொண்டு எந்த முகத்தோட போறது?"

எங்கள் சனத்திடம் சேலை கிழிந்து பழசாவதில்லை, மூன்று போட்டோ அல்பத்தில் ஏறினால் பழசு. இதை அறியாத தமிழ்ப் பெண் நான் ஒருத்திதான் இருந்திருப்பேன். அப்போதும் எனக்கு விளங்கவில்லை, பாருங்கள். சிரித்துக்கொண்டு பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் தோய்த்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே சொன்னார்.

"என்ர கூறையைத் தொட விடமாட்டன். கலியாணப் படம் ஒண்டும் மிஞ்சேல்லை, இடம்பெயரேக்க எல்லாம் போட்டுது. கூறை மட்டும்தான் என்னோட வந்தது. தாலி கட்டேக்க ஓமகுண்டத்தில இருந்து ஒரு பொறி பறந்து வந்து அதில விழுந்தது. சின்ன ஓட்டை. அம்மா தைக்கச் சொன்னவ. நான் விடேல்லை. போகேக்க அதோடதான் போவன்."

கூறை என்றால் தாலி கட்டும்போது மாப்பிள்ளை வீட்டார் கொடுத்து உடுத்தும் சேலை. எங்கள் பக்கத்தில் புருஷன் உயிரோடு இருக்கும்போதே கண் மூடுகிறவளுக்குக் கடைசியிலும் அதையே உடுத்திவிடுவார்கள். "போகேக்க" என்று அவர் சொன்னது அதைத்தான். பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. "என்னடி?" என்றார். "சுடுது" என்றேன்.

அந்த நிமிடமே சொல்லியிருக்க வேண்டும். அவருடைய வீட்டில், அவருடைய அறையில், அவர் வாங்கிய அரிசியைச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறேன். நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனதும் அலுமாரியைத் திறந்து, வெள்ளை உறைக்குள் இருந்த சேலையை எடுத்து நீலப்பூ உறைக்குள் வைத்தேன். வெள்ளை உறையைத் தோய்த்து மற்ற உறைகளோடு சேர்த்தேன். வெட்டியது பிழை. உறை மாற்றியது களவு. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போதே தெரியும்.

அடுத்த வருடம் நாங்கள் தனியாக வீடு எடுத்தோம், இரண்டு ட்ராம் நிறுத்தம் தள்ளி. போக்குவரத்து குறையவில்லை. ஒவ்வொரு கலியாணத்துக்கும் அவர் என்ன சேலையோடு வருகிறார் என்று முதலில் வாசலிலேயே பார்ப்பேன். மயூரியின் கலியாணத்துக்குக் கூறைதான் கட்டப்போகிறேன் என்று முதலில் சொன்னார். ஒரு கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்தபோது நீலச் சேலை. கேட்டதற்கு, "அது இனி ஒருக்காத்தான் கட்டுறது" என்றார். என் கண்ணைப் பார்த்துச் சொன்னாரா, கையில் இருந்த பூமாலையைப் பார்த்துச் சொன்னாரா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். உறையைத் திறந்து பார்த்தாரா, பார்த்தும் பேசாமல் விட்டாரா, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது.

மாசியில் சவச்சாலைக்காரர் உடுத்திவிட ஒரு மணித்தியாலம் தந்தார்கள். பெண்கள் மூன்று பேர் போனோம். நான் நன்றாகச் சேலை உடுத்துவேன் என்று ஒரு பெயர். தேவண்ணை அந்த நீலப்பூ உறையை இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் தந்தார்.

"கூறையோட போறா. அவவின்ர ஆசை அது ஒண்டுதான்" என்றார்.

அல்பத்துப் படங்கள் எல்லாவற்றிலும் நின்ற அந்தப் பழைய சேலையை நான் விரித்து உடுத்தினேன். என் கைப்பையில், இத்தனை வருடமும் நூற்கட்டைகளுக்குக் கீழே வைத்திருந்த துண்டு இருந்தது. கருகல் ஓட்டை உள்ள துண்டு. கொய்யகம் மடித்து இடுப்பில் செருகும்போது அதையும் உள்ளே வைத்துச் செருகினேன். பக்கத்தில் நின்றவர், "என்னது அது?" என்று கேட்டார்.

"கொய்யகம் குலையாமல் நிக்கிறதுக்கு" என்றேன். பிணத்துக்குக் கொய்யகம் ஏன் குலைகிறது? அவர் மேலே கேட்கவில்லை. அவருக்கு அவருடைய அழுகை.

இதையெல்லாம் போன சனிக்கிழமை மயூரியிடம் சொன்னேன். வாய் திறந்தபிறகு நிறுத்த முடியவில்லை, உறை மாற்றியதையும் சொன்னேன். அவள் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். பிறகு எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"அன்ரி, இட்ஸ் ஓகே. அது ஜஸ்ட் ஒரு சீலைதானே. அம்மா மைன்ட் பண்ணியிருக்க மாட்டா."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தப் பாவாடை எனக்கு நினைவிருக்கு. இடுப்பில சரியாக் கடிச்சது" என்றாள். அது இப்போது எங்கே என்று கேட்டேன். கட்டையாகிப்போனதும் அம்மாவே ஏதோ தர்மக் கடைக்குக் கொடுத்துவிட்டாவாம்.

நல்ல பிள்ளை. மன்னித்துவிட்டாள், ஒரு நிமிடத்தில். எனக்குத்தான் அது போதவில்லை. ரஞ்சியக்கா கட்டாயம் மைன்ட் பண்ணியிருப்பார். மூன்று நாள் அல்ல, மூன்று வருடம் என்னோடு கதைத்திருக்க மாட்டார். ட்ராமில் எதிரே இருந்தும் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்திருப்பார். பிறகு ஒரு நாள், எனக்கு முன்னால் ஒரு கோப்பையை டக்கென்று வைத்திருப்பார். அந்தக் கோபத்துக்குப் பயந்து அந்தத் தேத்தண்ணியை நான் இழந்துவிட்டேன். என்னோடு கோபிக்க உரிமையுள்ள மனிசி இனி ஒருவரும் இல்லை.

மயூரி பையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். நேற்றுக் காலை அதிலிருந்து ஒரு பச்சைச் சேலையை எடுத்து யன்னலடியில் விரித்தேன். ஓட்டை ஒன்றும் இல்லை. நிறமும் மங்கவில்லை. கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆளில்லாத வீட்டில், வாய்விட்டுத்தான் கேட்டேன்:

"அக்கா, இதுவோ?"

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். பிறகு சேலையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.