ஒரே பீசில் கிழித்த சட்டைகள்

ஓர் ஊரின் ஆண்கள் தங்கள் சட்டைகளைக் களத்தில் வரிசையாக விரித்துப் போட, அவற்றைப் போலீஸ் நடந்து நடந்து பார்வையிட்டதை நீங்கள் கண்டிருக்க வாய்ப்பில்லை. நான் கண்டிருக்கிறேன். அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். இப்போது டிவியில் துப்பறியும் தொடர் ஓடினால் விளம்பரம் வருவதற்குள் கொலைகாரனைச் சொல்லிவிடுகிறேன் என்று என் கணவர் கேலி செய்கிறார். எங்கள் வீட்டு வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை என்பது அவருக்கும் தெரியும். அதனால் அளவோடுதான் கேலி செய்வார்.

காணாமல் போனவர் என் அத்தையின் கணவர். அத்தை என் அப்பாவின் தங்கை. உள்ளூரிலேயே பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். மாமாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது, அம்மா அப்பாவும் இல்லை. அவர்களுக்குக் குழந்தையும் இல்லை. தீபாவளி முடிந்த வாரத்தில் ஒரு நாள், சம்பாப் பயிருக்கு யூரியா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் காலையில் கிளம்பினார். மொபெட்டை வழக்கம்போல பஸ் நிறுத்தத்து டீக்கடையில் விட்டுவிட்டுக் கும்பகோணம் பஸ்ஸில் ஏறினார். அதற்குப் பிறகு மொபெட் மட்டும் வீடு திரும்பியது.

அன்றிலிருந்து மாமா ஒரே நேரத்தில் பல ஊர்களில் வாழத் தொடங்கினார். பழனியில் மொட்டைத் தலையோடு பார்த்ததாக ஒருவர் சொன்னார். திருப்பூரில் பனியன் கம்பெனி வாசலில் பார்த்ததாக இன்னொருவர். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மாமா மேல் மண்வெட்டி ஓங்கியவர்களின் பெயர்களும் தாழ்ந்த குரலில் சொல்லப்பட்டன. அந்தப் பெயர்களைச் சொல்லும்போது மட்டும் என்னை வெளியே போய் விளையாடச் சொன்னார்கள். அத்தை வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அப்பா கொடுத்த புகாரில் முக்கியமான அடையாளமாக எழுதப்பட்டது, மாமா போட்டிருந்த தீபாவளிச் சட்டை. பச்சையில் வெள்ளைக் கட்டம் போட்டது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அப்பா கும்பகோணம் போய், வீட்டு ஆண்களுக்கும் வயலில் வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்து ஒரே பீசில் துணி கிழித்து வாங்கி வருவார். யாருக்கு ஒசத்தி, யாருக்கு மட்டம் என்ற பேச்சு வராது என்பது அப்பாவின் நியாயம். மொத்தமாக எடுத்தால் கடைக்காரர் குறைத்துக் கொடுப்பார் என்பது அம்மாவின் நியாயம். ஆக, தீபாவளியன்று எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் பேண்டு செட்டு ஆட்களைப் போலத் திரிவார்கள். புகார் எழுதியபோது அப்பாவுக்கு இது தோன்றவே இல்லை. மீன் தண்ணீரை யோசிக்காத மாதிரிதான்.

கொள்ளிடத்திலோ வெண்ணாற்றிலோ அடையாளம் தெரியாத உடல் கிடைத்தால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். அப்பாவும் அத்தையும் போவார்கள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டால்தான் பஸ் ஏறுவாள், அதனால் எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. ஆஸ்பத்திரி வளாகத்தில் என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு இருவரும் உள்ளே போவார்கள். அத்தை வெளியே வந்து, “இல்ல” என்பாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருக்கும். திரும்பும் வழியில் பூ வாங்கித் தனக்கும் வைத்து எனக்கும் வைத்துவிடுவாள்.

தை மாதம் ஆற்றில் தண்ணீர் வடிந்தபோது, அணைக்கரைப் பக்கம் நாணலுக்குள் ஒரு உடல் கிடைத்தது. அன்று உள்ளே போனவர்கள் சீக்கிரம் வெளியே வரவில்லை. வந்தபோது அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூடவே எஸ்.ஐ. வந்தார். தொப்பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுகிற மனிதர். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பச்சையில் வெள்ளைக் கட்டம்.

“மொகம்னு சொல்ல ஒண்ணுமில்லை. சட்டைதான் இருக்கு. மண்டையில அடி பட்டிருக்கு. இவருதான்னு நீங்க சொல்லிட்டா நான் கொலைக் கேஸா எடுத்துருவேன்” என்றார்.

“மாப்பிள்ளைதாங்க” என்றார் அப்பா.

எஸ்.ஐ. அவரை ஏற இறங்கப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன். அவசரத்தில் கொடியில் கிடந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு வந்த அப்பா, அதே சட்டையைத்தான் போட்டிருந்தார். ஆற்றுச் சேற்றைக் கழித்துவிட்டால், பையில் இருப்பதற்கும் அப்பா மேல் இருப்பதற்கும் ஒரே வித்தியாசம், அப்பாவின் சட்டைப் பையில் ஒரு பழுப்புக் கறை. பொங்கலுக்கு வாழைத்தார் வெட்டியபோது பால் ஒழுகிய கறை.

அத்தை நிமிர்ந்தாள். “இது எங்க ஊர்ல எல்லார்ட்டயும் இருக்குங்க சார். சட்டைய வச்சு எப்படிச் சொல்றது?”

எஸ்.ஐ. யோசித்துவிட்டு, நியாயம்தான் என்றார். எல்லோருடைய சட்டையும் அவரவரிடம் இருந்தால், இல்லாத சட்டைதான் ஆற்றில் கிடைத்த சட்டை என்பது அவர் போட்ட வழி. இப்போதென்றால் எலும்பிலிருந்து எதையோ எடுத்து ஆய்வுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு, அதுவும் ஒப்பிட்டுப் பார்க்க ரத்த சொந்தமே இல்லாத மனிதருக்கு, எங்கள் பக்கத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமில்லை. சட்டைதான் சாட்சி.

அப்படித்தான் களத்தில் அந்த அணிவகுப்பு நடந்தது. சம்பா அறுவடைக்காகச் சுத்தம் செய்து வைத்திருந்த களத்தில் ஆளாளுக்குச் சட்டையைக் கொண்டுவந்து விரித்தார்கள். ஒன்று டிராக்டர் துடைக்கிற துணியாகியிருந்தது. ஒன்று தூளிக்குள் பிள்ளைக்கு அடியில் மெத்தையாகக் கிடந்தது. எடுத்தபோது பிள்ளை அழுதது, ஏட்டு மன்னிப்புக் கேட்டார். ஒன்று வயலில் குருவி விரட்டுகிற பொம்மை மேல் இருந்தது. அந்தப் பொம்மையை அப்படியே தூக்கிவந்து வரிசையின் கடைசியில் நிறுத்தினார்கள். அதைப் பார்த்து எஸ்.ஐ.யே சிரித்துவிட்டார். அப்பாவிடம் அவர் கேட்கவில்லை. “உங்களதான் அன்னைக்கே பார்த்தேனே” என்றார்.

எல்லாச் சட்டையும் வந்துவிட்டது. மாமாவுடையதைத் தவிர.

எஸ்.ஐ. அத்தையிடம் வந்து குரலை இன்னும் தாழ்த்தினார். “அப்ப அது உங்க வீட்டுக்காரர்தாம்மா. நாளைக்கு வர்றேன். கையெழுத்துப் போட்டுட்டு ஒடம்ப வாங்கிக்குங்க.”

அன்று மத்தியானம் கொல்லையில் அப்பாவும் அத்தையும் பேசிக்கொண்டார்கள். நான் கொய்யா மரத்தில் இருந்தேன். மேலே ஆள் இருப்பதை யாரும் பார்க்கவில்லை. உடலை வாங்கிக் கொள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அநாதைப் பிணம் என்று எங்கோ புதைத்துவிடுவார்கள் என்று அப்பா சொன்னார். யார் செய்தது என்று கண்டுபிடிக்க வேண்டாமா என்றும் கேட்டார்.

“கண்டுபிடிச்சு?” என்றாள் அத்தை.



“நாலு பொம்பளைங்க சுத்தி ஒக்காந்து என் கையில கெடக்கிறத ஒடைப்பாங்க. நெத்திய அழிப்பாங்க. அப்புறம் ஒரு கல்யாணம் காட்சிக்கு என்னை யாரு கூப்புடுவா? உன் மவ சடங்குக்கு நான் முன்னால நிக்க முடியுமாண்ணே?” என்றாள். அவள் அழவில்லை. கையை நீட்டி, “உன் சட்டையக் குடு” என்றாள்.

அத்தை கையை நீட்டியபடியே இருந்தாள். என் அப்பா யாருக்கும் பயந்தவர் இல்லை, ஆனால் அந்தக் கைக்கு முன்னால் அவரால் நிற்க முடியவில்லை. கொடியிலிருந்து சட்டையை உருவி அவள் கையில் வைத்துவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டார். மரத்திலிருந்து பார்த்த எனக்கு அது ஒரு பந்தயமாகத்தான் தெரிந்தது. மாமா செத்துவிட்டார் என்பது அப்பாவின் கட்சி, இல்லை என்பது அத்தையின் கட்சி. நான் அத்தையின் கட்சி.

மறுநாள் எஸ்.ஐ. வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அத்தை பீரோவைத் திறந்து, மடித்து வைத்த ஒரு பச்சைக் கட்டச் சட்டையை எடுத்து வந்தாள். அந்துருண்டை வாசனை குப்பென்று வந்தது. “அன்னைக்கு வேற சட்டைதான் போட்டுட்டுப் போயிருக்காரு சார். பதட்டத்துல அண்ணன் மாத்திச் சொல்லிருச்சு. இது உள்ளயே இருந்துருக்கு” என்றாள்.

எஸ்.ஐ. சட்டையை விரித்தார். பையின் மேலிருந்த பழுப்புக் கறையில் அவர் விரல் நின்றது. அண்ணாந்து அப்பாவைப் பார்த்தார். அப்பா வெறும் மேலில் துண்டைப் போர்த்திக்கொண்டு வாசல்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அப்பாவுடையது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தோளை அழுத்தினாள். வலித்தது.

“வாழைக்கறை. என்ன போட்டுத் தொவைச்சாலும் போவாது” என்றார் எஸ்.ஐ. பிறகு அதை மடிப்புக் கலையாமல் மடித்து அத்தையிடம் கொடுத்தார். “நல்லா யோசிச்சுட்டீங்களாம்மா? இதோட இந்தப் பக்கம் முடிஞ்சிரும். அப்புறம் யாரு பண்ணுனான்னு நான் தேட முடியாது.”

“யோசிச்சுட்டேன் சார்.”

அவர் அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார். ஆற்றில் கிடைத்தவர் மாமா இல்லை என்று ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. பழனியும் திருப்பூரும் மறுபடி உயிர் பெற்றன. வாய்க்கால் தகராறுக்காரர்கள் எங்கள் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் அத்தைதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்களில் ஒருவர் செய்திருக்கலாம், யாருமே செய்யாமலும் இருந்திருக்கலாம். எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அத்தை இன்றும் பொட்டோடும் பூவோடும்தான் இருக்கிறாள். என் சடங்கில் முதலில் மஞ்சள் நீர் ஊற்றியவள் அவள்தான். மாமா போலீஸ் காகிதத்தில் இன்னும் காணாமல் போனவர்தான்.

சில நாள் கழித்து, சாயங்காலம் ஏட்டு சைக்கிளில் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, அந்த ஒடம்ப இன்னைக்கு அடக்கம் பண்ணிட்டாங்க, ஐயா சொல்லிட்டு வரச் சொன்னாரு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். யாரோ ஒருவரைப் புதைத்ததை எங்கள் வீடு தேடி வந்து சொல்லுவானேன் என்று எனக்குப் புரியவில்லை.

அப்பா வாய்க்காலுக்குப் போனார். வடக்கே கொள்ளிடத்தின் பக்கம் பார்த்து நின்று, மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினார். கொல்லையில் அத்தை சேலையோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு ஈரத் தலையோடு கண்ணாடி முன் நின்று குங்குமம் வைத்துக்கொண்டாள். அம்மாவும் குளித்தாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தால்தான் இப்படி எல்லோரும் தலை முழுகுவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

“யாரும்மா செத்துப்போனா?” என்று கேட்டேன்.

“யாரும் சாவல. குனி” என்று சொல்லி அம்மா என் தலையிலும் ஊற்றினாள்.

யாரும் சாகாமல் இப்படிக் குளிப்பதென்றால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். மாமா வரப்போகிறார். சந்தோஷம் தாங்காமல், இன்னொரு சொம்பு ஊற்றச் சொல்லிக் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.