மினுங்கினா பாயுற சேவல்

கொல்லையில நாலு கோழி வளர்த்து முட்டை விக்கிறது உக்காந்து பாக்குற தொழில்னு சொல்றவுக, ஒரு முரட்டுச் சேவலோட ஒரு வாரம் இருந்து பாக்கணும். இருந்தவுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல.

தூக்குவாளி

எங்க சேவல் கருப்பசாமிக்கு நேந்து விட்டது. நேந்து விட்டத அடிக்கக் கூடாது, விக்கவும் கூடாது. அதனால விளக்குமாறக் காட்டுவேனே ஒழிய வீசமாட்டேன். அத வெட்டிச் செலுத்துற ஆடிப் பொங்கலுக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடந்துச்சு.

வாடிக்கையா முட்டை வாங்குற சரசு அன்னைக்குப் புது எவர்சில்வர் தூக்குவாளியோட வந்தா. வெயில்ல வாளி மினுங்குச்சு. சேவல் ஒரே பாய்ச்சல். வாளி ஒரு பக்கம், அவ ஒரு பக்கம். கெண்டைக்கால்ல ரத்தம். அவ அங்கனயே உக்காந்துக்கிட்டு கேக்கா: "ஏக்கா, முட்டை வாங்க வந்தவகிட்டயே காவு கேக்குதே, இது சாமிக்கு விட்டதா, இல்ல சாமியேதானா?"

வெள்ளி முகம்

மருமக வெடி கம்பெனிக்குப் போறா. காலையில சேவலுக்குக் கம்பு போடுறது அவதான். அவ உள்ளங்கையிலயே கொத்தித் திங்கும். சீசன் லோடு லாரியில ஏறுன அன்னைக்கு, குளிக்க நேரமில்லாம அப்படியே வேன்ல வந்துட்டா. முகம், கை எல்லாம் வெடிக்குச் சேக்குற அலுமினியப் பவுடர், வெள்ளியில வார்த்த மாதிரி. கொல்லைத் தொட்டியில கழுவக் குனிஞ்சா. சேவல் எங்கன இருந்து வந்துச்சுன்னே தெரியல. வெள்ளி மேல செவப்பு ஓடுனதைத்தான் பாத்தேன். இடது கண்ணப் பொத்திக்கிட்டா. ஓடிப்போய் முந்தானையால அழுத்திப் பிடிச்சேன்.

ஆஸ்பத்திரிக்குப் போற ஆட்டோவுல அவ அழல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா: "அத்தே, ஒத்தக் கண்ணுன்னா கம்பெனியில வெடிமருந்துகிட்ட விடுவாகளா?"

அருவா

கண்ணுக்குக் கீழதான் தையல். பார்வைக்குப் பழுதில்லைன்னு டாக்டரம்மா சொன்ன பெறவுதான் எனக்கு மூச்சு வந்துச்சு. விடிஞ்சதும் பூசாரிகிட்ட ஓடினேன். பொங்கல் வரைக்கும் பொறுக்க முடியாதுன்னேன். சாமி கோவிச்சுக்காது, வெள்ளிக்கிழமை கொண்டாங்கன்னுட்டாரு.

மருமகதான் சேவலக் கோயிலுக்குத் தூக்கிட்டு வந்தா. கழுவுன முகத்தப் பாத்து, பூனைக்குட்டி மாதிரி அவ கையில கெடந்துச்சு. தண்ணி தெளிச்சா தலைய உலுப்பணும், அதுதான் வெட்டுறதுக்குச் சம்மதம். உலுப்பவே இல்ல. பூசாரி சாணை பிடிச்ச அருவாள எடுத்தாரு. மினுங்குச்சு. அத ஒளிச்சு வையுங்கன்னு சொல்ல வாயெடுக்கேன், அதுக்குள்ள சேவல் அவ கைய உதறிட்டு அருவா மேலயே பாஞ்சிருச்சு. அவரு வீசவே இல்ல. பூசாரி அருவாளக் கீழ வச்சுட்டுச் சொன்னாரு: "முப்பது வருசமா வெட்டுறேன் ஆத்தா, தானா வந்து வெட்டுப்பட்டத இன்னைக்குத்தான் பாக்கேன்."

அன்னைக்குச் சேவல் குழம்ப எல்லாரும் வாழை இலையிலதான் சாப்பிட்டோம், எவர்சில்வர் தட்டை எடுத்து வைக்க என் கைக்குத் துணிச்சல் வரல.