இரண்டாயிரம் முழம்

பச்சையம்மா இறந்த செய்தி எனக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்தது. என் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் நான்கு வீடுகளும் ஒரு பாரிட்டும்தான். பாரிட் என்று நாம் சொல்லும் அந்த வாய்க்காலை மூன்று எட்டில் தாண்டிவிடலாம். வெள்ளிக்கிழமை காலை, பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து வருகிற மீன் லோரியின் முன்னால் நின்று நான் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. எடுத்தால் மிரியம், வருடா வருடம் நம் பங்களாவில் வந்து தங்குகிறவர். அந்த வெள்ளைக்காரப் பெண்மணி அழுதுகொண்டே, "மேடம், அம்மா போய்விட்டார்கள், தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்குத் தெரியாது. மீனை வாங்காமல் ஓடினேன். ஓடும்போது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அது எப்படி அந்த மிரியமுக்கு முதலில் தெரியலாம் என்ற எரிச்சல்தான் வந்தது.

பிறகு பச்சையம்மாவின் மகள் சுமதி விவரம் சொன்னாள். மிரியம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் பச்சையம்மாவுக்குப் போன் அடிப்பாராம். அன்றும் அதே நேரத்துக்கு அடித்திருக்கிறார். தாய் தூக்கத்திலேயே அடங்கிப்போய்க் கிடந்ததைப் பார்த்துத் திகைத்து நின்ற சுமதிதான் போனை எடுத்துக் கதறியிருக்கிறாள். இதில் யார் மேலும் குற்றமில்லை. ஆனால் வாராவாரம் போன் வரும் என்பதைப் பன்னிரண்டு வருடம் கூட வேலை பார்த்த என்னிடம் பச்சையம்மா ஒரு நாளும் சொன்னதில்லை.

நினைவஞ்சலியில் 'அவர்' என்று எழுதுங்கள் ஆண்டி என்று சுமதி கேட்டுக்கொண்டாள். முயன்று பார்த்தேன், எனக்கு வரவில்லை. நாங்கள் ஒரே வயது. எனக்கு அவள் பச்ச, அவளுக்கு நான் கமலா. பச்சையம்மாவை அறிந்த நீங்கள் மன்னித்துக்கொள்ளுங்கள்.

நம் தோட்டத்துத் துரை பங்களாவை விருந்தினர் இல்லமாக மாற்றியபோது, ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என்னை அதற்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த பச்சையம்மாவைச் சமையலறைக்கு எடுத்தது நான்தான். இதை நான் பல பேரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். அவளும் மறுத்ததில்லை. "கமலாதான் என்னய வெயில்லேர்ந்து உள்ள கூப்புட்டா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அதைக் கேட்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். பெருமை அரை மணி நேரம் தாங்கும்.

அவர்கள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் வெளிநாட்டு யூதக் குடும்பங்கள், மொத்தம் பன்னிரண்டு பேர். வருடத்துக்கு ஒரு முறை வெள்ளி மாலை வந்து, சனிக்கிழமை ஓய்வுநாளை மரங்களுக்கு நடுவில் கழித்துவிட்டு ஞாயிறு திரும்புவார்கள். பங்களாவுக்குப் பின்னால் உள்ள தூங்குமூஞ்சி மரத்தடியில் நாற்காலி போட்டுப் பிரார்த்தனை செய்வார்கள், பாடுவார்கள், செம்பனைக்குள் நடப்பார்கள், தூங்குவார்கள். வெளியில் ரொம்பப் பேச வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார்கள். நாங்களும் பேசவில்லை. எங்களுக்குள் சனிக்கிழமைக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வோம்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். பச்சையம்மாவுக்கு 'யெஸ்', 'நோ', 'கேன் லா', மீதிக்குச் சந்தை மலாய். ஆகவே அந்தக் கூட்டம் என்னிடம்தான் பேசும் என்று நினைத்திருந்தேன். முதல் வருடம் சனிக்கிழமை காலை சமையலறைக்குள் போனால் அடுப்பு எரிகிறது. தகரத்தகடு போட்டு, அதன் மேல் கடலையும் உருளைக்கிழங்கும் போட்ட பெரிய சட்டி. அவர்கள் கொண்டுவந்த சட்டி, அவர்களே பற்றவைத்த அடுப்பு. ராத்திரி முழுக்க எரிந்திருக்கிறது. மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நான் மூடிவிட்டேன். நல்ல வேளை பார்த்தேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பகலில் பன்னிரண்டு பேரும் அந்தச் சட்டியைச் சுற்றி நின்றார்கள். பெரியவர் டேனியல் அதன் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு எடுத்தார். ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். ஒன்றுமில்லை மேடம், நல்ல நாள் என்று சிரித்தார். ஆறிப்போனதையே எடுத்துப் போட்டுச் சாப்பிட்டார்கள். தட்டுகளோடு வந்த பச்சையம்மா சட்டியைத் தொட்டுப் பார்த்தாள். என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"கேஸ நீயா மூடுன?"

"ஆமா. சும்மா எரிஞ்சிக்கிட்டு இருந்திச்சி."

"இன்னிக்கி அவங்க நெருப்பு பத்த வைக்கக் கூடாது. பத்த வையின்னு நம்பகிட்ட கேக்கவும் கூடாது. அதான் நேத்தே எரிய விட்டுட்டாங்க. வாய்விட்டு கேக்காத மனுசங்க கமலா, நம்பதான் பாத்துக்கணும்லா."

உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். நேற்று அவர்கள் தகடு போடும்போது பக்கத்தில் நின்றாளாம். அந்த நேரத்தில் நான் அறைச் சாவிகளை வரிசையாக மாட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடத்துக்குள் நான் ஒரு நோட்டே போட்டுவிட்டேன். வெள்ளி மாலைக்குள் எந்த விளக்கு எரிய வேண்டும், எது அணைந்திருக்க வேண்டும், சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை எத்தனை மணிக்குப் போட வேண்டும், நம் பாத்திரத்தில் சாப்பிடாத அவர்கள் தட்டு எது, நம் தட்டு எது, எல்லாம். பச்சையம்மாவிடம் நோட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு குழந்தை அழுதால், ஒருவருக்குக் கால் சுளுக்கினால், அவர்களுடைய கண் அவளைத்தான் தேடும். அவளை அம்மா என்றார்கள். என்னை மேடம் என்றார்கள். சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் முற்றத்தில் நின்று மூன்று நட்சத்திரம் எண்ணுவார்கள், மூன்று தெரிந்தால் ஓய்வுநாள் முடிந்தது. அப்போது அவளையும் நடுவில் நிறுத்திக்கொள்வார்கள். "அங்க பாரு, ஒண்ணு" என்று அவள் கைநீட்டினால் கூட்டமே அந்தப் பக்கம் திரும்பும். எனக்கும் கண் இருக்கிறது.

இப்போது முழத்துக்கு வருகிறேன். ஓய்வுநாளில் அவர்கள் வண்டி ஏற மாட்டார்கள், நடப்பதற்கும் அளவு உண்டு. தங்கியிருக்கும் இடத்திலிருந்து இரண்டாயிரம் முழம். டேனியல் இரண்டாம் வருடம் வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்து, சக்கரம் வைத்த அளவுகோலை உருட்டிக்கொண்டே தோட்டத்துச் சாலையில் போனார். நானும் பின்னால் போனேன். கோயில் தாண்டியது, பச்சையம்மா வீடு தாண்டியது, பாரிட் வந்தது. பாலத்தின் இந்தப் பக்கமே அளவு முடிந்துவிட்டது. அவர் நின்று, வருத்தமாகத் தலையை ஆட்டினார். ஐந்தாவது வீட்டில் என் வாசல் ஆர்க்கிட் தொட்டிகள் அங்கிருந்தே தெரிந்தன.

அன்று முதல் ஒவ்வொரு வருடமும் சனிக்கிழமை நாலு மணிக்கு அவர்கள் வரிசையாக நடந்து பச்சையம்மா வீட்டுக்குப் போவார்கள். அன்று எதையும் சுமக்கக் கூடாது என்பதால் குடை கிடையாது, பை கிடையாது, வெறும் கை. அவள் வெள்ளிக்கிழமையே பிளாஸ்கில் ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிப்பார்கள். தோட்டமே வேடிக்கை பார்க்கும். என் வீட்டில் பீங்கான் கோப்பை இருந்தது, மின்விசிறி இரண்டு இருந்தது, பேச ஆங்கிலம் இருந்தது. எல்லாம் பாரிட்டுக்கு அந்தப் பக்கம். "நீயும் வா கமலா" என்று அவள் கூப்பிடுவாள். பங்களாவை யார் பார்ப்பது என்று நான் சொல்லிவிடுவேன். பொறாமை என்ற சொல்லைத் தவிர இதற்கு வேறு நல்ல சொல் இருந்தால் எழுதியிருப்பேன்.

போன வருடம் சனிக்கிழமை பகல் சாப்பாடு முடிந்ததும் எனக்குத் தாங்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுத் தஞ்சோங் காராங்கில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். பொழுது சாய்ந்து திரும்பினால், உங்கள் கேட்டுக்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள் என்றாள், தூரத்திலிருந்தே பார்த்த பக்கத்து வீட்டுக்காரி. வழி தவறிப் பச்சையம்மா வீட்டைத் தேடியிருப்பார்கள் என்று அவளுக்குப் பதில் சொன்னேன். அப்படித்தான் நம்பினேன். இரண்டாயிரம் முழத்தை அவர்கள் தாண்ட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அதை யோசிக்கவில்லை.

பச்சையம்மாவின் உடலை மறுநாள் சனிக்கிழமை பகலில் எடுத்தோம். சனிக்கிழமை என்பதால் கோலாலம்பூரிலிருந்து ஒருவரும் வர முடியவில்லை. அப்போது எனக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வந்தது, எழுதிவிட்டேன். இன்றைக்காவது அவள் பக்கத்தில் நான் மட்டும் நிற்கிறேன் என்று நினைத்தேன். அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, யாரையும் அந்த இடத்துக்கு விடவில்லை.

பதினாறாம் நாள் காரியமும் சனிக்கிழமையில்தான் விழுந்தது. இந்த முறை அவர்கள் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே பங்களாவுக்கு வந்துவிட்டார்கள். அடுப்பு, விளக்கு, தண்ணீர் எல்லாவற்றையும் நோட்டைப் பார்க்காமலே தயாராக வைத்திருந்தேன். டேனியல் துணியில் சுற்றிய பெரிய ரொட்டிகளோடு சமையலறைக்கு வந்து, அம்மா வீட்டு பிஸ்கட் டின் அங்கேயேதான் இருக்கிறதா மேடம் என்று கேட்டார். எந்த டின் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்து சொன்னார்.

இரண்டாயிரம் முழத்துக்கு ஒரு வழி உண்டாம். ஓய்வுநாள் தொடங்குமுன், அளவுக்குள் இருக்கும் ஓரிடத்தில் இரண்டு வேளைக்குப் போதுமான ரொட்டியை வைத்துவிட்டால், அந்த இடமே அவர்களுக்கு வீடு மாதிரி. அங்கிருந்து இன்னோர் இரண்டாயிரம் முழம் நடக்கலாம். போன வருடம் பச்சையம்மாதான் அவரிடம் கேட்டிருக்கிறாள், பாரிட்டுக்கு அந்தப் பக்கம் வர வழியே இல்லையா என்று. அவர் வழியைச் சொன்னதும், தன் வீட்டு பிஸ்கட் டின்னைக் காலிசெய்து கொடுத்தாளாம். அவர் வெள்ளிக்கிழமை காரில் போய்த் தம் கையாலேயே அதில் ரொட்டியை வைத்து, அவள் வீட்டு அலமாரியில் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் பன்னிரண்டு பேரையும் அவள் பாலம் தாண்டி என் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். வீடு பூட்டியிருந்தது.

அவர்கள் கேட்டுக்கு வெளியே நின்றே என் ஆர்க்கிட்டுகளைப் பார்த்தார்களாம். ஒவ்வொரு தொட்டியாகக் கைநீட்டி, எது எந்த மாதம் பூக்கும் என்று அவள் சொன்னாளாம். திரும்பும்போது டேனியலிடம் ஒன்று சொல்லியிருக்கிறாள். அவர் எனக்கு அதை மலாயில் திருப்பிச் சொன்னார். எனக்கு அவள் குரலிலேயே கேட்டது.

"கமலாகிட்ட சொல்லாதீங்க. பூட்டிட்டுப் போயிட்டமேன்னு மனசு ஒடிஞ்சி போவா. அடுத்த வருசம் வருவோம்."

பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் ஏப்ரனைக் கழற்றிப் போட்டுவிட்டு டேனியலின் காரில் ஏறினேன். சுமதி அந்த டின்னைத் தேடி எடுத்துக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். நீல நிறம், மூடியில் துரு. அவர் ரொட்டியை உள்ளே வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு என் வீட்டுக்குப் போய்ப் பிளாஸ்க்குகளில் தேத்தண்ணி ஊற்றி, காகிதக் கோப்பைகளை எடுத்து வைத்தேன். என் பீங்கான் கோப்பையில் அவர்கள் குடிக்க மாட்டார்கள் என்று நோட்டில் எழுதியிருந்தது நான்தான்.

மறுநாள் வெயிலில் பச்சையம்மா வீட்டுக்கு நடந்து வந்தார்கள். நான் மட்டும் குடை பிடித்தேன், எனக்கு என்ன தடை. காரியம் நடக்கும்போது கூடாரத்துக்கு வெளியே ஒதுங்கி, முடியும் வரை நின்றுகொண்டே இருந்தார்கள். பிறகு சுமதியின் கையைப் பிடித்து ஆளாளுக்கு ஏதோ சொன்னார்கள். அதன் பின் நான் முன்னால் நடந்தேன், அவர்கள் பாலத்தைத் தாண்டி என் பின்னால் வந்தார்கள்.

இத்தனை வருடம் நான் ஏங்கியது அன்று நடந்தது. என் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள், மின்விசிறியை நேற்றே ஓடவிட்டிருந்தேன், என் தேத்தண்ணியைக் குடித்தார்கள். ஒன்றரை மணி நேரம் இருந்தார்கள். அந்த ஒன்றரை மணி நேரமும் பச்சையம்மாவைப் பற்றியே பேசினார்கள். மிரியம் வாசலில் போய் நின்று, இதுதானே ஆவணியில் பூப்பது என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நான் சமையலறைக்குள் போய், பதினாறு நாளாக வராத அழுகையை அழுதேன். எனக்கு இன்னும் அவள் மேல் பொறாமைதான். இதை அவளிடம் சொல்லித் திட்டு வாங்க வேண்டும் போல இருக்கிறது.

அந்த பிஸ்கட் டின் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அம்மா ஞாபகமாக வைத்துக்கொள்கிறேன், கொடுங்கள் ஆண்டி என்று சுமதி கேட்டாள். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் அதைப் பச்சையம்மா வீட்டு அலமாரிக்கு அனுப்புவேன். சனிக்கிழமை மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் போய்த் திரும்ப எடுத்துவந்துவிடுவேன்.